மாமனாரும் சொறிமீனும்

8 ஜூன் 1997, ஞாயிறு

மூன்று நாளாக மாமனார் எங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறார். கடலுக்கடியில் குடைபோல் மிதந்து வரும் சொறிமீனிடமே ஒவ்வொரு முறையும் சாகிறார்.

“சும்மா மெதக்குற மாதிரிதான் இருக்கு மாப்ள. ஆனா என்னையத் தேடித்தான் வருது.”

எனக்கும் அவரைப் பற்றி அதே சந்தேகம்தான். காலையில் மழையில் தொடங்கிய பேச்சு, தேங்காய் விலை வழியாக, அக்காள்மடத்தில் இருக்கும் என் தோப்பில் வந்து நின்றது.

“சும்மாதான கெடக்கு? என் சின்ன மகன் பாத்துக்கிருவான்.”



தரையோடு ஒட்டிக் கிடந்தால் அந்தச் சொறிமீன் தொடாது என்று ஆட்டத்தில் என் மனைவி கண்டுபிடித்திருக்கிறாள். மதியம் பாயை விரித்துப் படுத்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத் திறந்தேன். என் பாயை ஒட்டி இன்னொரு பாய் விரிந்திருந்தது.

“முழிச்சிட்டீகளா மாப்ள? எந்திரிக்க வேணாம், படுத்தமேனிக்கே பேசுவோம்.”