பிஸ்கட் ஆலையில் நீங்கள் பேசிய வசனம்

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த இசையை மறுபடியும் கேட்டேன். இரண்டு ட்ரம்பெட்டும் ஒரு மத்தளமும் சண்டை போடுகிற மாதிரி ஒரு இசை, ஞாபகமிருக்கும். வீட்டுக்கு வந்திருந்த மகள்தான் டி.வி.யில் தேடிப் பிடித்தாள். “அப்பா, நீயும் அங்கிளும் வாட்ச் பண்ணுவீங்களே, அந்த பிரிட்டிஷ் காமெடி, ஃபுல் சீரிஸும் இருக்கு” என்று போட்டுவிட்டாள். என் காது மந்தம் என்று பேச்சுக்கு அடியில் எழுத்து ஓடும்படியும் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அமெரிக்கா வந்த புதிதில் பார்சிப்பனியில் நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த அறை கண்முன் வந்துவிட்டது. சோபாவின் கைப்பிடியில் நீங்கள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் நான். எழுபதுகளில் லண்டனில் எடுத்த நாடகம் பத்து வருஷம் கழித்து இங்கே ஓடியது. ஒரு பிஸ்கட் ஆலை, எந்நேரமும் கத்துகிற ஒரு ஃபோர்மேன், அவனுக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவன் நம் நிறம். மற்றவர்கள் அவனை சுல்தான் என்பார்கள்.

விருதுநகரிலிருந்து வந்த எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போய், ஏழு வருஷம் பஸ் டிப்போவில் வேலை செய்துவிட்டு வந்த நீங்கள் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவீர்கள். அந்த நாடகத்தில் சுல்தான் தோற்றதே இல்லை. ஃபோர்மேன் ஒன்று சொன்னால் அவன் ஒன்பது சொல்வான்.

“என்னண்ணே, அவன் ரெண்டு வார்த்தைதானே சொன்னான்? நீங்க இவ்வளவு நேரம் சொல்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இங்கிலீசு சுருக்கமான பாஷை ஐசே. நீர் படத்தைப் பாரும்.”

அந்த மாதம் நான் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வேலை பார்த்த மளிகை மொத்தக் கடையில், பத்துப் பேர் முன்னால் முதலாளி சொல்லிவிட்டார்: “நீ வாயைத் திறக்காதே. நீ பேசினா கஸ்டமர் ஓடிருவான். பின்னால போய் மூட்டை தூக்கு.” அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி கட்டி மூலையில் வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

அந்த ஞாயிறு வந்த கதையில் ஒரு பெட்டி பிஸ்கட் கீழே விழுந்து நொறுங்கிப்போகும். ஃபோர்மேன் சுல்தானின் மூக்குக்கு நேரே விரலை நீட்டிக் கத்துவான். சுல்தான் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்வான். நீங்கள் சொன்னீர்கள்:

“அவன் சொல்லுறான், ‘கத்தாதையுங்கோ துரை. தேத்தண்ணியிலை தோய்க்கிறவனுக்கு முழுசென்ன, பாதியென்ன? இந்தப் பெட்டியை என்னட்டைத் தாங்கோ, நான் வித்துக் காட்டுறன்’ எண்டு.”

நான் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் காலை முதலாளியிடம் போய் நின்றேன். கிழிந்த மூட்டை என்று அவர் ஒதுக்கி வைத்த பருப்பை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். புடைத்து, சலித்து, கிழிந்த மூட்டைச் சரக்கு என்று சொல்லியே ஓட்டல் ஓட்டலாக விற்றேன். சாம்பாரில் வேகிற பருப்புக்கு மூட்டை எப்படி இருந்தால் என்ன? என் வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. யார் கேட்டாலும் ஒரு வெள்ளைக்காரன் நாடகம்தான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது என்பேன். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவீர்கள்.

போன ஞாயிறு அதே கதை ஓடியது. பெட்டி விழுந்தது, பிஸ்கட் நொறுங்கியது. ஃபோர்மேன் சொன்னதை எழுத்தில் படித்தேன். “உங்கள் ஊரில் மரத்தில் தொங்குகிறவர்களுக்குப் பிஸ்கட் எங்கே தெரியும்?” சுல்தான் தலையை ஆட்டிச் சொன்னது இவ்வளவுதான்: “ஆமாம் ஐயா. மன்னிக்கணும் ஐயா.” பின்னால் ஊரே சிரிக்கிற சத்தம்.

நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்று கதை பார்த்தேன். ஒன்றில்கூட அவன் பதில் சொல்லவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. எடையில் ஒரு பிடி குறைந்தாலும் கையில் தூக்கியே சொல்லிவிடுகிற என்னை இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறீர்களே! ஏன் என்று கேட்கலாம் என்றால் நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்ன பொய் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான்.

நீங்கள் எப்போதோ சொன்னது அப்புறம்தான் உறைத்தது. “டிப்போவிலை என்னையும் சுல்தான் எண்டுதான் கூப்பிடுவினம்.” நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, “பெரிய ஆளுண்ணே நீங்க” என்றேன். நீங்கள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினீர்கள். ஏழு வருஷம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்று, சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் ஞாயிறுதோறும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்த சிரிப்பு உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

டி.வி.யை அணைத்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் நாம் பார்க்காமல் விட்ட ஒரு கதை ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு நாறுகிறது என்று சுல்தானின் டப்பாவை ஜன்னல் வழியே எறிகிறார்கள். அவன் மன்னிப்புக் கேட்கிறான். பாக்கியம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

“ஏங்க, அந்த ஆளு என்ன சொல்றான்?”

நான் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “‘நீங்க எறிஞ்சது சாப்பாட்டைத்தான் துரை, என் பசியை இல்ல. நாளைக்கு ரெண்டு டப்பா கொண்டாறேன். ஒண்ணு உங்களுக்கு. தின்னு பாத்துட்டு எறிங்க’ங்கிறான்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “கெட்டிக்காரன்தான்.”

“எனக்கு அவரை நல்லாத் தெரியும்” என்றேன்.