நிற்காமல் ஒலித்த ஒரு சுரம்

பிப்ரவரி 9, திங்கள்
அலுவலகம் விட்டு நேராகத் தேவாலயத்துக்குப் போய் ஆர்கன் பயிற்சி. போன வாரம் அடக்க ஆராதனைக்கு வந்திருந்த ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்தார். நகர இசை அரங்கின் மேலாளராம். அங்குள்ள பெரிய ஆர்கனைப் பழுது பார்த்து முடித்துவிட்டார்களாம். "அடுத்த மாசக் கடைசியில ஒரு மணி நேரக் கச்சேரி. அன்னிக்கு நீங்க வாசிச்சதைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். வாசிப்பீங்களா?" வேறு யாரையாவது கேட்கிறாரோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பிப்ரவரி 10
சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு
பாடகர் குழுத் தலைவர் சொன்னார்: "இங்க வாசிக்கிறது வேற, கச்சேரி வேறம்மா. அங்க கூடப் பாட ஆளு கிடையாது. தப்பு வந்தா மூடி மறைக்க முடியாது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் உறைக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் குரலுக்கு அடியிலேயே நின்றவள். தனியாக எழுந்து நிற்க வருமா எனக்கு?

வீட்டில் புலம்பினேன். இவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "அவர் பாட்டை இத்தனை வருஷமா நீ மூடி மறைச்சியே, அந்த அனுபவத்துல சொல்றாரு" என்றார். சிரித்ததில் புரையேறிவிட்டது.

மார்ச் 7, சனி
அரங்கில் முதல் ஒத்திகை. கோயிலில் விசைப்பலகை இரண்டு அடுக்கு, இங்கே நான்கு. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் குமிழ்கள்; இழுத்தால் அதற்கான குழாய்கள் ஒலிக்கும், உள்ளே தள்ளினால் அடங்கும். குழாய்கள் தொலைவில் இருப்பதால், அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் ஒலி காதுக்கு வருகிறது. தடுமாறிப் போனேன். ஆர்கன் மெக்கானிக் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "கேட்டுட்டு வாசிக்காதீங்க. வாசிச்சுட்டுக் கேளுங்க" என்றார்.

மார்ச் 19
மூன்றாவது உருப்படியில் கால்விசை ஓட்டம் வரவேயில்லை. இடது கால் வலது காலை மிதிக்கிறது. மேலாளரைக் கூப்பிட்டு, என்னால முடியாதுன்னு சொல்லிடலாமா? போனை எடுத்தேன் — வைத்துவிட்டேன்.

மார்ச் 24
வந்துவிட்டது. ஐந்து தடவை, பிசகில்லாமல்.

மார்ச் 28, சனி
தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஆரம்பம். அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவது முடிந்து கையை எடுக்கிறேன் — ஒரு சுரம் மட்டும் நிற்கவில்லை. கீழ் ஸ்தாயி 'டி' (D). குமிழை உள்ளே தள்ளினேன், நிற்கவில்லை. ஓரத்தில் மெக்கானிக் முகம் வெளிறிவிட்டது. "அஞ்சு நிமிஷம்" என்று விரலை விரித்துக் காட்டிவிட்டுக் குழாய்களுக்குள் ஓடினார்.

எழுந்து மன்னிப்புக் கேட்பதா? அப்போதுதான் தோன்றியது — இது எனக்குப் பழகின வேலைதானே? மணப்பெண் வர நாற்பது நிமிஷம் தாமதமானபோது, தோன்றியதை வாசித்தே கோயிலையே உட்கார வைத்தவள் நான்.

அந்த 'டி'யையே சுருதியாக வைத்துக்கொண்டேன். அதன்மேல் இரண்டு விரலில் ஒரு சின்ன மெட்டு. பிறகு அதற்குப் பதில். பிறகு நான்கு அடுக்கிலும் ஏறினேன். காகிதம் இல்லை, பயம் இல்லை. நிற்காத அந்தச் சுரம் இப்போது எனக்குத்தான் வேலை செய்தது. உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கி வரும்போது, மெக்கானிக் குழாயைப் பிடுங்கியிருக்க வேண்டும். 'டி' சட்டென்று நின்றது. நானும் அதோடு நிறுத்தினேன்.

அப்புறம் மொத்த அரங்கும் எழுந்து நின்றது.

பிறகு வந்த கால்விசை ஓட்டமும் பிசகவில்லை. கச்சேரி முடிந்ததும் மேலாளர், "மூணாவதா வாசிச்சது நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே, யாரோட இசை?" என்று கேட்டார். மெக்கானிக் முந்திக்கொண்டு, "பாதி என்னோடது" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு
ஆராதனைக்கு முன் பாடகர் குழுத் தலைவர் மேலே வந்தார். "நேத்து கடைசி வரிசைல இருந்தேன். நான் சொன்னது தப்பும்மா." கீழே போய் வழக்கம்போலச் சுருதி தவறிப் பாடினார். நானும் வழக்கம்போல மூடி மறைத்தேன்.

ஏப்ரல் 16
அரங்கிலிருந்து கடிதம். நிரந்தர ஆர்கன் கலைஞராக நியமனம். ஞாயிறு காலைகள் கோயிலுக்கே என்று நான் கேட்டிருந்ததற்கும் சம்மதம். அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்
அக்டோபரில் மூன்று நாடுகளில் கச்சேரி. அதற்காகப் பாஸ்போர்ட் அலுவலகம். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. 'இசைக் கலைஞர்' என்று எழுதினேன். குமாஸ்தா படித்துவிட்டு, "என்ன வாசிப்பீங்க?" என்றார்.

"ஆர்கன்."

"கை வலிக்காதா?"

"கால்தாங்க வலிக்கும்."

தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.