எரியாத கரி

பிரிக்பீல்ட்ஸ் முனையில் புதிதாக ஒரு மீன் சுடும் கடை வந்திருக்கிறது. இன்று மாலை அந்தப் பக்கம் போனேன். கரி வாசனை மூக்கில் ஏறியதும் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். "என்னாக்கா, பொங்குஸ் பண்ணவா, கட்டித் தரவா?" என்று கேட்ட கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? கரி என்றாலே எனக்கு நீதான், பாவி.

ஒரே ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்தபோதே உனக்கு வாய் அதிகம். கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதும் கடலோரக் கம்பத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து அலையாத்திக் கன்று நடக் கிளம்பினாய். ஞாயிறு வந்தால் என்னையும் சேற்றில் இறக்கிவிடுவாய். என் செருப்பை விழுங்கிய அந்தச் சேற்றை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கம்பத்து மண்டபத்தில் நடந்த அந்தக் கூட்டம். கன்றுகளைக் காவல் காக்க யாரிடமும் காசில்லை. இறால் குளம் வெட்டுவதற்கு அந்தக் காட்டைக் கேட்டு ஒரு முதலாளி சுற்றிக்கொண்டிருந்தார். கார்பன் கிரெடிட் விற்றால் காடும் நிற்கும், காவலுக்குச் சம்பளமும் கிடைக்கும் என்று ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் விளக்கினார். ஊர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். தமிழில் சொல்ல நீ எழுந்தாய். எழுந்த வேகத்தில் கார்பனைக் கரியாக்கி, "நம்ம காட்டுக் கரிய விக்கப் போறோம்!" என்றாய்.

அலையாத்தியை வெட்டிச் சுட்ட கரியில்தான் அந்த ஊர் அடுப்பு காலகாலமாக எரிந்தது. படகுக்கார அங்கிள் துள்ளி எழுந்தார்.

"மரத்த வெட்டாதீங்கன்னு எங்கள அடக்கிட்டு, இப்ப நீங்களே கரி போட்டு விக்கிறீங்களா? நல்லாருக்கு லா உங்க நியாயம்!"

பாதிப் பேர் வாசலுக்கு நடந்துவிட்டார்கள். காடு போயிற்று என்றுதான் நினைத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஐயோ அங்கிள், அடுப்புக் கரி இல்ல! மரம் காத்துல உள்ள புகைய இழுத்து தனக்குள்ள வச்சிக்குது. அத வெட்டாம, எரிக்காம வச்சிருந்தா வெளியூர் கம்பெனிக்காரன் காசு கொடுக்கிறான்."

"வித்துட்டு, பொருளக் கொடுக்க வேணாமா?"

"கொடுக்கவே கூடாது. அதான் அங்கிள் வியாபாரம்!"

"அப்ப எரியாத கரின்னு ஒழுங்கா சொல்லு லா!"

மண்டபமே சிரித்தது. வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கை தூக்கினார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர். வீடு திரும்பும்போது காரில், "அவன் அங்க புகைய விட்டுட்டு இங்க காசு கொடுக்கிறான். இது சரியான்னு எனக்கும் தெரியலடி. ஆனா மரம் நிக்கும்ல?" என்றாய்.

நிற்கிறது. நீதான் இல்லை. சில நாள் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, இத்தனை சீக்கிரம் போவாயா என்று. நீ கேட்டபடியே உன் அஸ்தியை அந்தக் காட்டு ஓடையின் வளைவில்தான் கரைத்தோம்.

போன மாதம் கிரெடிட் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் காட்டைப் பார்க்க வந்தாள். இப்போது மொழிபெயர்ப்பு என் தலையில். அங்கிள்தான் படகு ஓட்டினார். இரண்டு பக்கமும் நீ நட்டவை, என்னைவிட உயரம். வளைவு வந்ததும் அங்கிள் இன்ஜினை நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இந்த எடத்த மட்டும் அவங்க கணக்குல சேக்காதம்மா. இது நம்ம பொண்ணு."

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். இங்கே மரங்கள் நன்றாக வளர்கின்றன என்கிறார் என்றேன்.