எட்டாவது வரிசையில் ஒரு முள்

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? கட்டைவிரலைத் தவிர நான் நலம். பதறாதீர்கள், முள் குத்தியது, அவ்வளவுதான்.

இந்தப் பண்ணையில், ஆய்வகக் குப்பியில் வளர்த்து நட்ட முள்ளில்லாத பிளாக்பெர்ரிச் செடிகள் ஏழு வருடம் முள் விடாமல் இருந்தால்தான் விற்பனைக்குப் போகும் என்று சொன்னேனே. தினமும் வெறுங்கையால் தண்டுகளைத் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில், எட்டாவது வரிசையில் வேரிலிருந்து கிளம்பிய தளிரில் முள்! ஊர் வர டிக்கெட் போட்டாயிற்றே என்று கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தத் தளிரை மேற்பார்வையாளரம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு ஊருக்குப் போயிருக்கலாமேம்மா?"

"நாளைக்கு வாங்கி நடுறவங்க கையில குத்துமே மேடம்."

ஒன்று முள் விட்டதால் மற்றச் செடிகளை இன்னும் இரண்டு வருடம் சோதிக்க வேண்டுமாம்; என் கைதான் பழகிய கையாம், நானே பார்க்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலிக் கைப்பிடியைக்கூடத் தடவிப் பார்க்கிறேன்.

பாப்பாவின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். அவளுக்கு வாங்கிய செருப்பைக் கடையில் மாற்றித் தருவார்களாம். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து நான் வரும்போது அவளுக்குச் சரியாக இருக்க, எத்தனை சைஸ் பெரிதாக வாங்கட்டும் என்று மட்டும் எழுதுங்கள்.