அளவுக் குருசும் கறுப்புச் சட்டையும்

கறுப்புச் சட்டையைக் கழற்றாமலே போய்ச் சேர்ந்த என் தங்கவேல் அண்ணாச்சிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் வாய் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள் செல்வி, பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சரி, அதை விட்டுவிடுவோம். சொர்க்கத்தில் இருக்கும் அண்ணாச்சிக்கு என்று போடலாமென்றால் அதற்கும் வழியில்லை. செத்தவன் மண்ணுக்குத்தான் போவான், வேறு எங்கேயும் போக மாட்டான் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன ஆள் நீங்கள். அதனால் ஊர் படிக்கட்டும் என்று எழுதச் சொல்கிறேன். உங்களுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

மில்லர்புரத்தில் சாலை அளக்கிறார்கள். முக்காலி மேல் ஒரு பெட்டி. அதுவே பார்க்குமாம், அதுவே கணக்குப் போடுமாம். அந்த வெயிலில் அதற்குக் குடை பிடிக்க ஒரு ஆள் இல்லை. மனசு கேட்காமல் என் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். "தாத்தா, பஸ்ஸுக்கு நிக்கியளா? ஸ்டாப்பு அங்கன இருக்கு" என்றார்கள். என் உத்தியோகத்தைப் பற்றி இவர்களிடம் என்னவென்று சொல்ல?

புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த அந்த எழுபதுகளில் நீங்கள் சர்வேயர், நான் உங்கள் கருவிக்குக் குடை பிடிப்பவன். வெயில் பட்டால் லெவல் கருவியின் நீர்க்குமிழி நகர்ந்துவிடும், அளவு கெட்டுவிடும் என்பீர்கள். கருவிக்கு நிழல் கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் தூத்துக்குடி வெயிலில் கறுப்புச் சட்டையோடு வேர்வை ஒழுக நிற்பீர்கள். வெள்ளைச் சட்டை போட்டால் என்ன என்று கேட்டேன். "கொள்கை, லே" என்றீர்கள். கொள்கைக்கு அவ்வளவு வேர்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எதிர்ப்பக்கம் அளவு போட்ட மரச்சட்டத்தை, அந்த ஸ்டாஃபை, நிமிர்த்திப் பிடித்தது நம் சூசை. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு வேலை தேடி வந்த ஆள். ஸ்டாஃப் ஆடாமல் இருக்க வேண்டுமென்று, கடலுக்குள் முங்கினவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பிடிப்பான். நீங்கள் கருவியின் கண்ணாடிக்குள் பார்த்தது பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பீர்கள். போதும் என்று நீங்கள் கையை இறக்கியதும் அங்கேயிருந்து கத்துவான்: "அண்ணாச்சி, அளக்கீயளா, இல்ல என்னய கொல்லப் பாக்கீயளா?" வேண்டுமென்றேதான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் முதுகு குலுங்கும்.

அந்தக் கல்லை நட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? மீன்கூடை சுமக்கும் பெண்கள் கடற்கரையிலிருந்து வருகிற பாதையோரம், முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் கல். தலையில் ஒரு பித்தளைக் குமிழ். அதன் மட்டம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம், பெஞ்ச் மார்க். ஸ்டாஃபை அதன் தலையில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சுவரோ தரையோ, எது எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியும். கல்லுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னீர்கள். தூரத்திலிருந்து சட்டென்று தெரிய வேண்டுமென்று, சிவப்புப் பெயின்டால் அதன் முகத்தில் ஒரு கூட்டல் குறி போட்டீர்கள். உங்கள் கையால், அண்ணாச்சி! வேறு யார் போட்டிருந்தாலும் நான் இவ்வளவு சிரித்திருக்க மாட்டேன்.

மறுநாள் சூசையின் பெண்சாதி லூர்தம்மாள் வெறுங்கூடையை அந்தக் கல்லோரம் இறக்கிவைத்து இளைப்பாறினாள். கூட்டல் குறியைப் பார்த்து நெற்றியில் குருசு போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வலையெல்லாம் சாளை. கூடை கொள்ளாத சாளை. அவ்வளவுதான். அடுத்த வாரம் கல்லுக்கு மாலை, மெழுகுதிரி, ஊதுபத்தி. பேரும் வைத்துவிட்டார்கள், அளவுக் குருசு. நம் மாப்பிள்ளையூரணி ஆட்களும் சும்மா இருக்கவில்லை. எந்தச் சாமியாக இருந்தாலும் நமக்கும் ஆகட்டும் என்று ஓரத்தில் சந்தனம் அப்பிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் "மூடத்தனம்" என்று முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தக் கல்லின் பக்கம் கிட்டேயே போக மாட்டீர்கள். தூரத்தில் நின்று கண்ணாடி வழியாக ஸ்டாஃபின் எண்ணை மட்டும் பார்ப்பது. எண் எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

பெரிய இன்ஜினியரின் ஆபீசிலிருந்து கடலுக்குத் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் கட்டினோம். மேல்பாதி மாலை மரியாதைக்கு முன்னால் போட்டது. கீழ்ப்பாதி அதற்குப் பிறகு போட்டது. கட்டி முடிந்ததும் பெரிய இன்ஜினியர் வந்து நின்று வாளி வாளியாக ஊற்றச் சொன்னார். தண்ணீர் அழகாக ஓடியது. பாதி வழியில் நின்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு காகம் இறங்கி வந்து சாவகாசமாகக் குளித்தது.

"மிஸ்டர் தங்கவேல், நான் வாய்க்கால் கேட்டேனா, தெப்பக்குளம் கேட்டேனா?" என்றார் அவர்.

நீங்கள் விறுவிறுவென்று கல்லுக்குப் போனீர்கள். நட்ட பிறகு முதல் தடவையாகக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தீர்கள். பித்தளைக் குமிழைக் காணோம். அதன்மேல் இரண்டு விரல் தடிமனுக்கு மெழுகு உருகி, இறுகி, தட்டையாக இருந்தது.

"ஏலே சூசை, இது என்னது?"

"மெழுகு, அண்ணாச்சி."

"சொரண்டிட்டுல்லா ஸ்டாஃப வைக்கணும்?"

"குருசு தலைய எப்படி அண்ணாச்சி சொரண்டுறது? பாவம்லா?"

"அது மேல ஸ்டாஃப தூக்கி வச்சியே, அது பாவம் இல்லியா?"

"மெதுவாத்தான் வச்சேன். வைக்கும்போதெல்லாம் மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன்."

கும்பிட்டவன் சுரண்டவில்லை, கும்பிடாதவர் பார்க்கவில்லை. கல் இரண்டு விரல் வளர்ந்தது, கீழ்வாய்க்காலும் இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

ஆபீசில் நீங்கள் சொன்னது ஒரே வார்த்தை: "என் பிழை சார்." மெழுகைப் பற்றியோ சூசையைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. பெரிய இன்ஜினியர் கொதித்தார். உங்களை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதப் போவதாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "உள்ளதச் சொன்னா என்ன அண்ணாச்சி?" என்று. "சொன்னா சூசைக்கு வேல போவும், கல்லச் சுத்தி வேலி போட்டு அந்தப் பொம்பளைங்க வழிய அடச்சிருவாங்க. சுத்திப் போகணும்னா மீனு ஏலத்துக்கு முன்னாலயே நாறிரும்லே" என்றீர்கள். அப்புறம் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தீர்கள். அவ்வளவு மெதுவாக நீங்கள் துடைத்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், உங்கள் சம்பளம் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியுமே.

சூசை வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறான். மறுநாள் காலை பெரிய இன்ஜினியரின் ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். எல்லாரும் தலையில் கூடையோடு, கூடையில் மீனோடு. முன்னால் லூர்தம்மாள், அவள் கையில் சூசையின் சட்டைக் காலர்.

"தொரை, அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் மேல குத்தம் இல்ல. திரி ஏத்துனது நாங்க. சொரண்டாம நின்னது இந்த மனுசன்."

பெரிய இன்ஜினியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "எதுக்கும்மா கல்லு தலையில ஏத்துனீங்க? கீழ வைக்கக் கூடாதா?"

"கீழ வச்சா ஒங்க லாரி மிதிச்சிட்டுப் போவுது. மிதிக்காத நேரம் காத்து அணைச்சுப் போடுது. நீங்களே சொல்லுங்க, நாங்க எங்கனதான் வைக்க?"

கூடைகள் நகரவில்லை. மீன் வாடை ஆபீசுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் உங்களைக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பொய் இல்ல சார். ஸ்டாஃப் எதுமேல நிக்குன்னு பாக்க வேண்டியது நான். சாமிக் கல்லுன்னு அந்தப் பக்கம் திரும்பாம இருந்துட்டேன். கும்பிடாம இருக்கிறதுக்கும் பாக்காம இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு சார்."

மனிதர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு, கல்லைச் சுற்றி மூன்று பக்கம் காற்றுக்கும் லாரிக்கும் தடுப்பாக ஒரு குட்டைச் சுவர் கட்ட உத்தரவு போட்டார். திரி கீழே, தலையில் ஒன்றும் கூடாது. லாரி இடித்துவிடும், அந்தக் கல்லுக்கு ஒரு தடுப்புக் கொடுங்கள் என்று நீங்கள் எத்தனை தடவை கேட்டு, எத்தனை தடவை இல்லை என்றார்கள்! மீன்கூடை வந்ததும் கிடைத்துவிட்டது. கீழ்வாய்க்காலை உடைத்தோம், திரும்பப் போட்டோம். உங்கள் வேலையும் போகாமல் நின்றது, சூசையின் வேலையும் போகாமல் நின்றது. வாய்க்கால் மட்டும் ஓடியது.

அதற்குப் பிறகு நாம் எத்தனையோ கட்டினோம். ஒவ்வொரு தடவையும் கருவியை வைப்பதற்கு முன்னால் நீங்களே நடந்து போய், குனிந்து, ஸ்டாஃபின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் கல்லைத் தொட்டுக் கும்பிடுவது மாதிரியே இருக்கும். லூர்தம்மாள் அதைக் கரையெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இது உங்களுக்குத் தெரியாது. இப்போது சொல்லலாம் அல்லவா?

நீங்கள் போன அன்று, சங்கு வேண்டாம், பூ வேண்டாம், எந்தச் சாமியும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லி வைத்தபடியே உங்கள் மகள்கள் செய்தார்கள். லூர்தம்மாள் வந்தாள், கம்பூன்றிக்கொண்டு. சூசை போன பிறகு அவளும் தளர்ந்துவிட்டாள். முந்தானையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். "அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது பாட்டி" என்றாள் மூத்தவள்.

"பிடிக்கலன்னா எந்திச்சுச் சொல்லச் சொல்லு" என்றாள் லூர்தம்மாள்.

எல்லாரும் உங்களைப் பார்த்தோம், அண்ணாச்சி. நிஜமாகவே ஒரு நொடி காத்திருந்தோம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவள்தான் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். தீப்பெட்டி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

வருகிற மாதம் உங்கள் பேரில் மாதா கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள் லூர்தம்மாள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். எல்லாரும் முழங்கால் போடும்போது நான் உங்கள் பங்குக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன், இது சத்தியம். ஆனால் முகத்தைத் திருப்ப மாட்டேன், என்ன நடக்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு வருவேன்.

உங்கள் கருவிக்குக் குடை பிடித்த,
கூடப் பிறக்காத தம்பி,
ஐயாத்துரை,
மாப்பிள்ளையூரணி.