சர்க்கரைப் பாகு இரண்டு

செப்டம்பர் 4, 1938. பசவனகுடி.

பட்டணத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாதம். இந்த வீட்டு அடுப்பை நான் இன்னும் தொடவில்லை. மன்னி, அதாவது கணவரின் அண்ணா மனைவி ஜகதாம்பாள், விடுவதில்லை. "நீ படிச்சவ. கூடத்துல உக்காந்து வாசி."

மரியாதையா, வெளியேற்றமா? விருந்தாளிக்குக்கூட இரண்டாம் நாள் கீரை ஆயக் கொடுப்பார்கள்.

செப்டம்பர் 7

மன்னியின் சமையல் நோட்டு ரசத்தில் விழுந்தது. முதல் தடவை இல்லையாம். பதினைந்து வருஷத்து நோட்டு. தையல் விட்டிருக்கிறது. தாள்கள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாகி, பின்பக்கத்துப் புளியோதரை முன்பக்கத்துப் பாயசத்தில் தெரிகிறது.

"நான் சரிபண்ணித் தரேன் மன்னி."

"தைக்கத் தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

"தையலையுமா?"

ஆனாலும் கொடுத்தாள். அடுப்படி வாசலில் ஒரு கால்.

செப்டம்பர் 9

தைக்கக் கூடாது. தைத்த நோட்டு சமையலுக்கு ஆகாது — விரித்தால் தானே மூடிக்கொள்ளும், பிடிக்க மூன்றாவது கை வேண்டும். எனவே ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி அட்டை. தண்ணீரில் கரையாத கறுப்பு மை. காய்ந்ததும் இரு பக்கமும் மெழுகுவர்த்தி தேய்த்து, துணி போட்டு, இஸ்திரிப் பெட்டி. மூலையில் ஓட்டை, பித்தளை வளையம். வேண்டிய அட்டையை மட்டும் கழற்றி அடுப்புக்கு மேல் ஆணியில் மாட்டலாம்.

நவீனம் என்பது இதுதான் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16

நாற்பத்தோரு அட்டை. மன்னிக்கு எழுத்துப்பிழை தாராளம். பாகைப் போய் "சர்க்கரை பாவு 2" என்று எழுதுகிறாள். "அரிசி பாவு 1" — மாவின் மேல் அப்படி என்ன கோபம்? எல்லாவற்றையும் திருத்தினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம், ஒத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 25

அறுபத்திரண்டு. முடிந்தது. பழைய தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அருமையாக எரிந்தன. பதினைந்து வருஷத்து நெய்.

அக்டோபர் 19

தீபாவளிக்கு மூன்று நாள். கோதுமை அல்வா வருஷத்துக்கு ஒரு முறைதான்; மன்னிக்கு அளவு ஞாபகமில்லை. "ரமா, உள்ளே வந்து அட்டையை வாசி." உள்ளே. ஓடினேன்.

"சர்க்கரைப் பாகு ரெண்டு."

"ரெண்டு என்ன?"

"ரெண்டு… பாகு."

"பாகை எப்படிடி எண்றது? கொட்டைப்பாக்கா அது?" கரண்டி நின்றது. "நான் எழுதினது பாவு."

"அதான் மன்னி, பாகு."

மாடத்திலிருந்து ஒரு பித்தளை அளவை எடுத்து என் முன் வைத்தாள். "இது பாவு. நாலு பாவு ஒரு சேர். இந்த ஊர்ல பால்காரியைக் கேட்டாலும் சொல்லுவா."

எங்கள் ஊரில் ஆழாக்கு. இங்கே கன்னடத்துப் பாவு. எனக்கு யார் சொன்னார்கள்? நான் யாரைக் கேட்டேன்?

"அப்போ அரிசி பாவு?"

"மாவாக்கிட்டேன்."

"எத்தனை எடத்துல?"

"எல்லா எடத்துலயும்."

"சும்மா இருந்ததை ஏன்டி… சரி, பழைய தாளைக் கொண்டா."

எரித்ததைச் சொன்னேன். மன்னி அளவை எடுத்து மறுபடி மாடத்தில் வைத்தாள்.

அக்டோபர் 20

நேத்திலேர்ந்து மன்னி என்னோட பேசலை. பதினஞ்சு வருஷம் எழுதினது, ஒரு மத்தியானத்துல எரிச்சாச்சு. அவ எனக்கு என்ன செஞ்சா? நம்பிக் கொடுத்தா. அவ்வளவுதான். இனிமே கூடம்தான் எனக்கு, ஆயுசுக்கும்.

வெங்கடசுப்ரமணியன் (கணவரின் பெயர், இங்கே மட்டும் எழுதலாம்) சிரித்துச் சிரித்து இருமினார். "நல்லவேளை, சேரைச் சோறுன்னு திருத்தலையே."

திருத்தியிருக்கிறேன். ஒரு இடத்தில்.

அக்டோபர் 21

காலையில் மன்னி அட்டைகளைத் தரையில் பரப்பினாள். எது நிஜ மாவு, எது என் மாவு? முறுக்கில் சந்தேகமில்லை. புளியோதரைக்கு அரிசி. பதினோரு அட்டைகளில் அவளுக்கே நிச்சயமில்லை.

"செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

திருத்துவதிலும் சங்கடம். மை அழியாது. மெழுகில் பேனா வழுக்குகிறது. அவ்வளவு உறுதியாகச் செய்திருக்கிறேன், தப்பையும் சேர்த்து. கடைசியில் கோணி ஊசியால் கீறி, கீறலில் விளக்குக் கரியைத் தேய்த்தோம். பி.ஏ. படித்து ஓலைச்சுவடிக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு எழுத்து கீறியிருப்பேன்.

"ஊசியை என்கிட்ட குடு. எழுதறது இனிமே நான். நீ கரண்டியை எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 30

முதல் சந்தேகம், அரிசிப் பாயசம். மாவு போட்டுப் பார்த்தேன். மன்னி ஒரு வாய் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நோட்டு ஒட்ட ஆகும்."

ஆக, அரிசி. கீறினாள்.

நவம்பர் 13

ஏழு தீர்ந்தன. நான்கு பாக்கி. கையில் இரண்டு சூடு. சாப்பிட்டுப் பார்த்தே தான் இளைத்துவிட்டதாக அவர் சொல்கிறார், பொய்.

நவம்பர் 27

பதினொன்றும் முடிந்துவிட்டன. நாளைக்குக் கூடமா, அடுப்படியா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

டிசம்பர் 4

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே போய் வற்றல்குழம்பு வைத்தேன். அட்டையை ஆணியில் மாட்டப் போனால், மன்னியின் புதுக் கீறல். இதில் பாவும் இல்லை, மாவும் இல்லை. திருத்த ஒன்றுமே கிடையாது. ஆனாலும் புளிக்கு நேரே "எலுமிச்சங்காய் அளவு" என்றிருந்ததை அடித்திருக்கிறாள். பக்கத்தில், கரி இன்னும் விரலில் ஒட்டுகிறது:

"ரமா போடும் அளவு."