நெல்லைத் தோற்கடித்த மரவள்ளி

சோலோ,
செவ்வாய்க்கிழமை

காராங்பூலே ஊர்த்தலைவி, மாண்புமிகு சுமீரா அம்மையார் சமூகத்திற்கு,

தங்களிடம் தோற்றுப்போன வேட்பாளரும், குடும்ப அட்டையின்படி இன்றுவரை தங்கள் கணவருமாகிய பர்ஜியோ மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே என் அக்கா துமினெம் வீட்டில் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் கத்துவேன், தாங்கள் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மிடம் ஒருமுறை தோற்றது போதும். மேலும், தங்கச்சியைக் கொஞ்சுவதுபோல் இனி உங்களை "டிக்" என்று கூப்பிட எனக்கு மனமில்லை. கல்யாண வீடுகளில் மைக் பிடித்து சம்பந்திகளை வர்ணிப்பதற்காக நான் துடைத்து வைத்திருக்கும் உயர்ந்த மொழியைத்தான் உங்களுக்காக இறக்கியிருக்கிறேன். ஜாவாவில் கோபம் ஏற ஏற மரியாதைதானே கூடும்? இந்தக் கடிதத்தில் எவ்வளவு மரியாதை இருக்கிறதென்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நடந்ததைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அக்கா தன் பங்குக்குக் காய்கறிக்காரியிடமே ஒரு கதை சொல்லியிருக்கிறாள். ஆகவே என் தரப்பை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

அரிசி ஆலை சுத்ரிஸ் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கியதும் களத்தில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். ஒற்றை ஆளை வைத்துத் தேர்தல் நடத்த முடியாது, எதிரே யாராவது நின்றே ஆகவேண்டும் என்று தேர்தல் குழு சொல்லிவிட்டது. பக்கத்து ஊர்களில் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன்: சொந்தப் பெண்டாட்டியை எதிரியாக நிறுத்தினேன். அடுப்படியில் சோயாத் தெம்பே வறுத்துக்கொண்டிருந்த உங்களிடம் வந்து, "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்துப் போடு டிக், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். "சரி மாஸ்" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் சொல்லி, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போட்டீர்கள். சின்னம் ஒதுக்கும்போது நெல்லை நான் எடுத்துக்கொண்டு மரவள்ளியை உங்கள் பக்கம் தள்ளினேன். பஞ்ச காலத்தில் தின்ற கிழங்குக்கு எவன் ஓட்டுப் போடுவான் என்ற தைரியம்.

அதன் பிறகு பிரசாரத்துக்குப் புறப்பட்டேன். எதிரியே இல்லாதபோது எதற்குப் பிரசாரம் என்று தாங்கள் கேட்டீர்கள். வாய் இருக்கிறதே, அதை என்ன செய்வது? வடக்குத் தெருவில் பள்ளிவாசல் ஹாஜி ஜுவைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்தேன்னா ஊர்ச் சுத்தி விருந்துக்குச் சுனையில ஆட்டுத்தலை புதைக்கிற வேலையெல்லாம் கிடையாது ஹாஜி. நம்ம மார்க்கத்துக்கு அது அடுக்குமா?" என்றேன். அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள் தெற்குத் தெருவுக்குப் போய்ச் சுனைக் காவலர் கரியோவிடம், "இந்த வருசம் ஒரு தலை இல்ல பெரியவரே, ரெண்டு தலை! விடிய விடிய நிழற்பொம்மைக் கூத்து வேற!" என்றேன். இருவருமே சிரித்தபடி, "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்கள். சிரித்த முகத்தையெல்லாம் ஓட்டாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். ஜாவாவில் பிறந்து தலை நரைத்த பிறகும், சிரித்துக்கொண்டே சொல்லும் "ஆகட்டு"மை நம்பிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

தச்சர் வீட்டுக் குழந்தைக்குப் பேர் வைத்த விருந்தில் ஹாஜியும் கரியோவும் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். துஆப் பிரார்த்தனை முடிந்து சோற்றுக் கூடை வருவதற்குள் என் இரண்டு வாக்குறுதிகளும் பாயை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டன போலிருக்கிறது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஹாஜி மட்டும் என்னைப் பார்த்து, "பர்ஜியோ, உனக்கு நல்ல வாய், அப்பா. கல்யாணத்துக்குன்னே செஞ்ச வாய்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொரு கோழித்துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வாரம்தான், அடுத்த தலைவர் வீட்டில் இறங்குமென்று நம்மவர்கள் நம்பும் ஒளி நம் கூரைமேல் இறங்கியதைப் பார்த்ததாகப் பேச்சுக் கிளம்பியது. நீல வெளிச்சமாம், பூசணிக்காய் அளவாம். வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தேன். கரியோ டீயை உறிஞ்சிக்கொண்டே, "வீட்டு மேலதான் விழுந்துச்சு. ஆனா அடுப்படி ஓட்டு மேலல்லவா விழுந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எப்போதுமே நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.

தேர்தல் நாளன்று, ஓட்டுப்பதிவு முடியும்வரை வேட்பாளர்கள் வழக்கப்படி உட்கார்ந்திருக்க மேடையில் இரண்டு நாற்காலி. என் தலைக்குமேல் நெற்கதிர் படம், உங்கள் தலைக்குமேல் மரவள்ளிப் படம். "அசையாதே, பேசாதே, என் ஓட்டைக் கெடுத்துடாதே" என்று ஏறும்போது காதில் சொன்னவன் நான்தான். தாங்கள் கெபாயாச் சட்டையும் கொண்டையுமாக, கையை மடியில் கோத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி உட்கார்ந்தீர்கள். அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் நான்? இடுப்பின் பின்பக்கம் செருகிய கிரிஸ் குத்துவாள் முதுகில் குத்த நெளிந்தேன். வரிசையில் நின்றவர்களுக்குக் கையாட்டினேன். மைக்கைப் பிடுங்கி மாமியார் ஜோக் சொன்னேன். வேகவைத்த கடலையை உரித்துத் தின்று தோலை நாற்காலிக்கடியில் தள்ளினேன். மூத்திரம் பெய்ய அடிக்கடி இறங்கிப் போனேன். வரிசையில் நின்ற ஒரு பெண் அடுத்தவளிடம், "நாற்காலியிலயே இருப்புக் கொள்ளல, இந்த ஆளுகிட்ட ஊரைக் குடுக்கறதா? அந்தம்மாவைப் பாரு, ஈ வந்து உக்காந்தாகூட விரட்டல" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அப்போதாவது நான் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். பதிலுக்கு அவளுக்கும் கையாட்டினேன்.

வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒன்று சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு எதிராகச் செய்தார்கள்.

ஓட்டு எண்ணி முடிந்து மேடையைவிட்டு இறங்கியபோது பெண்கள் சங்கத்தார் வழிமறித்தார்கள். "தலைவரோட துணைதானே நம்ம சங்கத்துக்குத் தலைமை? அப்படின்னா இனி நீங்கதான் எங்க தலைவி! புதன்கிழமை குழந்தைகளை எடை போடணும், மறக்காம கொண்டை போட்டுக்கிட்டு வந்துடுங்க பர்ஜியோ ஐயா!" அன்று மாலை பஸ் ஏறியவன்தான்.

என் கோரிக்கைகள் இரண்டு. பதவியேற்பதற்கு முன் தாங்கள் ராஜினாமா செய்யவேண்டும். அதோடு, அன்று தாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று எனக்கு மறைக்காமல் எழுதவேண்டும். நாமிருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள் என்ற பழைய நினைப்பில் கேட்கவில்லை. தோற்ற வேட்பாளர் என்ற முறையில் கேட்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பர்ஜியோ


காராங்பூலே,
சனிக்கிழமை

மாஸ் பர்ஜியோவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். உங்கள் புறா பாடுவதை நிறுத்திவிட்டது, ஆனால் தீனி எடுக்கிறது. துமினெம் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நெல்லுக்குத்தான் போட்டேன். எண்ணி முடித்ததும் என்னை அத்தனை பேர் முன்னால் மேடையில் தனியே விட்டுவிட்டு இறங்கிப் போனீர்களே, அதைப் பார்த்த பிறகு ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் மரவள்ளிக்குப் போட்டிருப்பேன்.

ராஜினாமா செய்ய மாட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னபோது என்னைக் கேட்கவில்லை, சொன்னீர்கள். இப்போதும் கேட்கவில்லை, சொல்கிறீர்கள். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றவர் எங்கே என்று ஊரில் என்னைத்தான் கேட்கிறார்கள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே "ஆகட்டும்" என்கிறார்கள்.

இப்போது என் வீட்டுக்குள் நீங்கள் விட்டுப்போன சங்கதிக்கு வருகிறேன். ஊர்ச் சுத்தி விருந்து வரும் வெள்ளிக்கிழமை. ஹாஜி வந்து உட்கார்ந்து, "உன் வீட்டுக்காரர் வாக்குக் குடுத்துருக்காரும்மா. அதுக்கு மேலயும் ஆட்டுத்தலை புதைச்சா எங்க ஆளுங்க பாய்க்கு வரமாட்டாங்க" என்றார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் கரியோ வந்து, "ரெண்டு தலைன்னு சொல்லி ஆசை காட்டிட்டு இப்ப ஒண்ணுமில்லன்னா எப்படி? நாங்க சுனைகிட்டயே தனிப் பாய் விரிச்சுக்கறோம், சோறும் நாங்களே ஆக்கிக்கறோம்" என்றார். இத்தனை வருஷமாக அவர்கள் ஆட்டுத்தலையைப் பற்றிச் சண்டை போடவில்லையா? போட்டார்கள். போட்டுக்கொண்டே ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஹாஜி துஆ ஓதும்போது கரியோ சாம்பிராணியைத் தூரமாக நகர்த்தி வைப்பார், ஹாஜியும் அது கண்ணில் படாததுபோல் இருப்பார். அதைத்தான் உங்கள் வாய் கெடுத்துவிட்டது. இந்த ஊரில் இரண்டு பாய் விரிந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை விரிந்தால் பிறகு கல்யாணத்துக்கும் இரண்டு, சாவுக்கும் இரண்டு.

இருவரிடமும் ஒன்றே சொன்னேன்: பேசியவர் வந்து பேசட்டும்.

வெள்ளிக்கிழமைக்கு முன் வாருங்கள். இரண்டு தெருவும் பார்க்கப் பாயின் நடுவில் உட்கார்ந்து, ஓட்டுக்காக இரண்டு பக்கமும் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அந்த வாக்கு அழிந்தால்தான் நான் புது வாக்குக் கொடுக்க முடியும். எதைப் புதைப்பது, எதை ஓதுவது என்பதை அப்புறம் நான் பார்த்துக்கொள்வேன். அலங்காரப் பேச்சு வேண்டாம்.

வராவிட்டால் அதற்குப் பிறகு வரவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டு பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்.

சுமீரா


சோலோ,
புதன்கிழமை

சுமீராவுக்கு,

உன் கடிதத்தை அக்கா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். சட்டை விஷயம் வந்ததும் சிரித்துச் சிரித்து அவளுக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது. ஆகவே குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொள்.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. இதை முதலிலேயே பதிவு செய்கிறேன். என் ஓட்டும் உன் ஓட்டும் மட்டும் நெல்லுக்கு விழுந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை என்று இப்போது தோன்றுகிறது. நீ எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது சௌகரியமாக இருந்திருக்கும். அதையும் கெடுத்தாய்.

பாய்க்கு வருகிறேன். ஆனால் நடுவில் உட்கார முடியாது, ஓரத்தில் உட்காருவேன். ஓரத்திலிருந்து பேசினால் வடக்குத் தெருவுக்குக் கேட்காது என்கிறாள் அக்கா. சரி, நடுவிலேயே உட்காருகிறேன். பெண்கள் சங்கத்துக்கு நான் தலைமை தாங்க மாட்டேன், இதில் மாற்றமில்லை. குழந்தைகளை எடை போடும்போது அழாமல் வேடிக்கை காட்ட ஆள் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பாயில் சொல்லவேண்டியதை நேற்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். நிலவில் தொடங்கி, மல்லிகை வழியாக, முன்னோர்கள்வரை வந்திருந்தேன். "டேய், யாருக்குடா கல்யாணம்? 'பொய் சொன்னேன்', ரெண்டே வார்த்தை. அது வரலியா உனக்கு?" என்றாள். வரவில்லை சுமீரா. இத்தனை வருஷம் ஊரார் கல்யாணங்களில் பேசிச் சம்பாதித்த வாய், அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் கட்டிக்கொள்கிறது. இன்று காலையில் கண்ணாடி முன் நின்று முயன்றேன். முதல் வார்த்தை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அடுத்ததும் வந்துவிடும். சொல்லும்போது ஹாஜி சிரிப்பார், கரியோ அதைவிட அதிகமாகச் சிரிப்பார். சிரிக்கட்டும், சிரித்தபடி ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால் சரி.

இந்தக் கடிதத்தை இன்றைய பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். நாளை மதியம் என் பஸ் நான்குமுனைச் சந்திப்பில் நிற்கும். ஊராட்சி வண்டியை அனுப்பாதே, அதில் ஏற மாட்டேன். தச்சரையும் அனுப்பாதே, வழியெல்லாம் துக்கம் விசாரிப்பார். நீயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா. சாவியைக் கேட்க மாட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பள்ளிவாசல் வழியாகப் போனாலும் சரி, சுனை வழியாகப் போனாலும் சரி, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

வீடு சேரும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன், டிக். நீ மட்டும் ஏதாவது பேசிக்கொண்டே வா.

பர்ஜியோ